சீசர் ஏன் வண்டியில் ஏற மறுக்கிறான்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் முதுகுவலியும் சித்தியின் முழங்கால் வலியும் தேவலையா?

நம் லாப்ரடார் நாய் சீசர் வண்டியில் ஏற மாட்டேன் என்கிறான், கார்ச் சாவி சத்தம் கேட்டாலே கொல்லைப்புறம் போய்ப் படுத்துக்கொள்கிறான் என்று போனில் சொன்னீர்கள். பதினொரு வயதாகிறது, வயது ஏற ஏறத் திமிரும் ஏறிவிட்டது என்பது உங்கள் தீர்ப்பு. போனில் விளக்கத் தொடங்கினால் பாதியிலேயே “சரி சரி, சாப்பிட்டாயா?” என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். பெரிய நாயை வளர்த்துவிட்டு இதே பாடுபடும் வேறு சிலரையும் எனக்குத் தெரியும் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே வைக்கிறேன். வீட்டு விஷயம் சந்திக்கு வந்துவிட்டதே என்று கோபிக்க வேண்டாம்.

உங்கள் தீர்ப்பு தவறு. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது அவனைக் கவனித்தேன். டிக்கி திறந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். வலது முன்னங்காலைத் தூக்கி விளிம்பில் வைத்தான். எடுத்தான். நாக்கால் மூக்கை ஒருமுறை நக்கிக்கொண்டான். பிறகு முகத்தைத் திருப்பி, மதில் சுவரில் ஏதோ முக்கியமான சமாசாரம் நடப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான். வர ஆசை இருக்கிறது, வலிக்கும் என்றும் தெரிந்திருக்கிறது. மூட்டு வலிக்கு நாய்கள் கத்துவது அபூர்வம். வலிக்கிற காரியத்தைச் செய்யாமல் தவிர்க்கும், அவ்வளவுதான். நாம் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இதில் வண்டிக்கும் பங்கு உண்டு. அவன் இளவட்டமாக இருந்த காலத்தில் உங்களிடம் இருந்தது தாழ்வான பழைய கார். அவனுக்கு மூட்டு தேயும் வயது வந்தபோது பார்த்து நீங்கள் உயரமான வண்டி வாங்கினீர்கள். இந்த வகை வண்டிகள் பலவற்றில் டிக்கித் தளம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். ஆண் லாப்ரடாரின் தோள் உயரமே ஏறக்குறைய 57 சென்டிமீட்டர்தான். தன் தோளுக்கு மேலே இருக்கும் மேடையில், இடுப்பு பிடித்துக்கொண்ட நிலையில், நின்ற இடத்திலிருந்து தாவச் சொல்கிறோம். உங்களை யாராவது அப்படிச் சொல்லிவிட்டு ஊரில் இருக்க முடியுமா?

ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. இதை யாரும் யோசிப்பதில்லை. ஏற்றுவதற்கு இரண்டு பேர் கூடி நின்று தட்டிக் கொடுப்பார்கள். இறங்கும்போது கதவைத் திறந்துவிட்டு “குதி” என்பார்கள். நாயின் எடையில் சுமார் 60 சதவீதத்தைச் சும்மா நிற்கும்போதே முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. மேலிருந்து குதித்தால் அந்த நொடியில் முழு உடலும் அதன் வேகத்தோடு சேர்ந்து முன்னங்கால்களில்தான் வந்து விழுகிறது. இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் வளரும் பருவத்திலேயே சரியாகப் பொருந்தாமல் போகும் கோளாறு லாப்ரடார் இனத்தில் அதிகம். ஏறுவது இடுப்பைப் படுத்துகிறது, இறங்குவது முழங்கையைப் படுத்துகிறது. அவன் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதில் இறங்கப்போகும் நேரத்தின் கணக்கும் இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆகவே பலகை, படி என்று அலைவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு எட்டிப்பிடிக்கிற தூரம்தான்; அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகுமுன் சிலவற்றைக் கவனித்து வையுங்கள். படுத்து எழுந்ததும் முதல் சில அடிகள் விறைப்பாக வைத்துப் பிறகு சரியாகிறானா? ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து முயல்போல் எடுத்து வைக்கிறானா? பின்னங்கால் நகங்கள் சிமெண்ட் தரையில் சரசரவென்று உரசுகின்றனவா, நகத்தின் மேற்புறம் தேய்ந்திருக்கிறதா? முதல் இரண்டும் மூட்டைக் காட்டுகின்றன. கடைசியாகச் சொன்னது நரம்புக் கோளாறாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு. குரைப்பு கரகரத்துப் போயிருந்தாலும் சொல்லுங்கள். வயதான லாப்ரடார்களுக்குக் குரல்வளை நரம்பும் பின்னங்கால் நரம்பும் சேர்ந்தே தளர்வது உண்டு. அப்படிப்பட்ட நாயை வெயிலில் காய்ந்த காரில் ஏற்றினால் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

உங்கள் அலமாரியில் இருக்கும் வலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, எடை பார்த்து, மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற எதையாவது எழுதித் தருவார். அது போதும். வலி குறைந்தாலே பாதிப் பிடிவாதம் காணாமல் போய்விடும்.

அடுத்து, தூக்குவது. டிரைவர் தம்பி கழுத்துப்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கிறார், நீங்கள் பின்னாலிருந்து தள்ளுகிறீர்கள். இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். சீசர் 38 கிலோ. உங்கள் முதுகுத் தட்டு இருக்கும் நிலைமையில் நீங்கள் அவனைத் தூக்குவதற்கு சித்தி அனுமதித்தாலும் நான் அனுமதிக்க மாட்டேன். தூக்கியே தீர வேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கை முன்னங்கால்களுக்கு முன்னே நெஞ்சை அணைத்துக்கொள்ள வேண்டும்; மற்றவர் கை தொடைகளுக்குப் பின்னே, பிட்டத்துக்குக் கீழே சுற்றி வர வேண்டும். முழங்காலை மடித்து இறங்கி, இருவரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினால் முதுகெலும்பு வில்லாய் வளைந்துபோகும். அக்குளில் கொடுத்தால் தோள் பிய்வதுபோல் வலிக்கும். ஒருவரே சமாளிக்க வேண்டிய நேரங்களில், அவனே முன்னங்கால்களை விளிம்பில் வைக்கும்வரை காத்திருந்து, பின்பக்கத்தை மட்டும் தொடையோடு அணைத்து ஏற்றிவிடலாம். நடக்கும்போது பின்னங்கால் தளர்ந்தால் நீளமான தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றைத் தொடைகளுக்கு முன்னால் வயிற்றடியில் கொடுத்து, இரு முனைகளையும் முதுகுக்கு மேலே கைப்பிடிபோல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண் நாய் என்பதால் சிறுநீர்த் துவாரத்தை அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைவிட, முதுகில் கைப்பிடி வைத்த மார்புப் பட்டை ஒன்று வாங்கிவிடுவது மேல்.

இனி பலகை. உங்கள் வீட்டுக் கடப்பாக்கல் அலமாரிக்குச் செய்ததுபோல் ‘சும்மா ஒரு பலகை’ என்று தச்சரிடம் சொல்லிவிடாதீர்கள். நீளம்தான் இதில் எல்லாம். 70 சென்டிமீட்டர் உயரத்துக்கு நான்கடிப் பலகை வைத்தால் சாய்வு 35 டிகிரி. மொட்டைமாடி ஏணியில் ஏறுவதுபோல் இருக்கும், எந்தக் கிழ நாயும் ஏறாது. ஆறடி என்றால் 23 டிகிரிக்கு இறங்கிவிடும். ஏழரை அடி கிடைத்தால் 18 டிகிரி, அருமை. ஆனால் அதை வைக்க வண்டியில் இடம் இருக்காது. ஆறடியை மூன்றடித் துண்டுகள் இரண்டாக்கிக் கீல் போட்டு மடிக்கச் சொல்லுங்கள். அகலம் ஒன்றரை அடி.

கீல் பலகையின் அடிப்பக்கம் வர வேண்டும். மேலே அடித்தால் சீசர் நடுவில் வரும்போது பலகை தொய்ந்து மடிந்துவிடும். கீழே அடித்தால் மேல் விளிம்புகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும், பாரம் ஏற ஏற இறுகும். இரு ஓரங்களிலும் மேற்புறமாக நீளவாக்கில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்தால் பலகைக்கும் பலம், அவன் கால் ஓரத்தில் நழுவாமலும் இருக்கும். மேல்முனையின் அடியில் குறுக்காக ஒரு சட்டம் வைத்து டிக்கி விளிம்பில் மாட்டிக்கொள்ளும்படி செய்யுங்கள்; இல்லாவிட்டால் ஏறுகிற வேகத்தில் பலகை பின்னால் வழுக்கும். ஒருமுறை வழுக்கினால் போதும், அப்புறம் ஆயுளுக்கும் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். மேலே தேங்காய்நார் விரிப்பு ஒட்டுங்கள். கறுப்பு ரப்பர் வேண்டாம். நம் ஊர் வெயிலில் பாதம் கொப்பளித்துவிடும். கடைகளில் மடிப்பு அலுமினியப் பலகைகளும் கிடைக்கின்றன. எடை குறைவு, விலை அதிகம், நீளத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

பலகை வந்த அன்றே வண்டியில் சாய்த்து “ஏறு” என்று நிற்காதீர்கள். முற்றத்தில் தட்டையாகப் போட்டு, அதன்மேல் வேகவைத்த கோழித் துண்டுகளை வைத்து நடக்க விடுங்கள். தயக்கம் போனதும் வாசல்படி ஒன்றின்மேல் சாய்த்து ஏறி இறங்கச் செய்யுங்கள். அப்புறம் வண்டி. இறங்கும்போது பாதிப் பலகையிலேயே தாவப் பார்ப்பான். மார்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வாருங்கள். டிக்கியைத் திறப்பதற்கு முன் “இரு” என்ற சொல்லுக்கு அவன் நிற்கப் பழகியிருக்க வேண்டும். சின்ன வயதில் பழக்கியிருக்கிறீர்கள், ஞாபகப்படுத்தினால் போதும். நீண்ட பயணமானால் ஏற்றுமுன் சற்று நடத்தி மூட்டைச் சூடாக்குங்கள். வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கிக் காலாற விடுங்கள்.

தச்சர் வரும்வரை ஒரு யுக்தி இருக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் தெருவிலிருந்து கேட்டுக்கு ஏறும் சிமெண்ட் சரிவு ஓர் அடிக்குக் குறையாது. வண்டியைத் தெருவிலேயே நிறுத்தி, டிக்கி சரிவைப் பார்க்கும்படி ரிவர்ஸ் எடுங்கள். சீசர் சரிவின் மேலே நிற்பான், டிக்கி அவனுக்கு ஓர் அடி தாழ்ந்துவிடும். காசு செலவில்லை. ஊருக்குள் மட்டும் போவதென்றால் ஆட்டோ பிடியுங்கள் என்பேன். ஆட்டோவின் தளம் இந்த வண்டியில் பாதி உயரம்கூட இருக்காது. சீட்டில் ஏற வேண்டியதில்லை, காலடியிலேயே படுத்துக்கொள்வான். லட்சக்கணக்கில் வண்டி வாங்கிவிட்டு நாயோடு ஆட்டோவில் போவதா என்று உங்களுக்குத் தோன்றும். அவனுக்குத் தோன்றாது.

கடைசிச் சங்கதி எடை. இந்தப் பத்தியைச் சித்தியிடம் காட்டாதீர்கள். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. சீசரின் இனத்துக்கு 36 கிலோவே மேல்வரம்பு. மாலை டீயோடு அவனுக்குப் போகும் பிஸ்கட்டையும், நெய் விட்ட பருப்புச் சாதத்தின் கடைசி இரண்டு உருண்டைகளையும் நிறுத்தினாலே போதும். சித்தி எப்படியும் நிறுத்த மாட்டார் என்பதால் அந்தப் பொறுப்பையும் உங்களிடமே விடுகிறேன்.

நாளைக் காலை டேப் வைத்து, டிக்கி விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், பின்சீட்டை மடித்தால் உள்ளே எவ்வளவு நீளம் என்று இரண்டையும் அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தச்சரிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீங்கள் பேசினால் பணம் மிச்சம் என்று நான்கடிக்கு ஒப்புக்கொள்வீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்