‘மேடை இசைக்கு ஏற்றது’ என்று விற்ற லேப்டாப்பில் சுற்றுக்குச் சுற்று ‘டிக்’: புகார் கடிதம்

அனுப்புநர்
நாட்டுப்புற இசைக்குழுவினர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: லைவ் லூப்பிங்குக்கு வாங்கிய லேப்டாப்பில் ஒலி அறுபடுதல், சார்ஜர் இரைச்சல், மாற்றித் தருதல் அல்லது பணத்தைத் திருப்பித் தருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். லைவ் லூப்பிங்குக்காக, அதாவது மேடையிலேயே ஒரு கருவியின் வாசிப்பைப் பதிந்து, அதைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அதன்மேல் அடுத்ததை ஏற்றுவதற்காக, கடந்த மார்ச் மாதம் ரூ.84,990 கொடுத்து உங்கள் 14 அங்குல லேப்டாப்பை வாங்கினோம். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. ‘மேடை இசைக்கும் ஸ்டுடியோவுக்கும் ஏற்றது’ என்று பெட்டி மேலேயே அச்சடித்திருக்கிறீர்கள். தர்மபுரியில் உங்களுக்கு சர்வீஸ் சென்டர் இல்லாததால் சேலத்துக்கு இரண்டு முறை கொண்டுபோனோம். இரண்டு முறையும் யூடியூபில் ஒரு பாட்டை ஓடவிட்டு, ‘ஆடியோ சரியாக உள்ளது, பழுது இல்லை’ என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சோதனையே செல்லாது.

பாட்டுப் போட்டுக் கேட்கும்போது கம்ப்யூட்டர் ஒலியை முன்கூட்டியே எடுத்து அடுக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் கொஞ்சம் அசந்தாலும் காதுக்குத் தெரியாது. லூப்பிங்கில் அந்தச் சலுகை கிடையாது. மைக்கில் விழுந்த அடி இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வழியாக உள்ளே போய், சாஃப்ட்வேரில் பதிவாகி, வாசிப்பவரின் கைக்குப் பின்தங்காமல் ஸ்பீக்கருக்கு வந்தாக வேண்டும். அதற்காக 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலித் துணுக்கு) பஃபரை, அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலியின் அளவை, 128 சாம்பிளில் வைக்கிறோம். கணக்குப் போட்டால் 2.67 மில்லிசெகண்ட். அந்த நேரத்துக்குள் லேப்டாப் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும், விடாமல், கச்சேரி முடியும்வரை. ஒரு தடவை தவறினால் ஒரு ‘டிக்’.

ஒரு டிக் தானே என்று உங்கள் ஆட்கள் கேட்டார்கள். நிமிடத்துக்கு 96 என்ற வேகத்தில் 8 எண்ணிக்கை ஒரு சுற்று என்றால், சுற்றின் நீளம் சரியாக 5 விநாடி, அதாவது 2,40,000 சாம்பிள். பதிவாகும்போது அதற்குள் விழுந்த டிக், நிமிடத்துக்கு 12 தடவை அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். பம்பையை முதலில் பதிந்து, அதன்மேல் உடுக்கை, கைச்சிலம்பு, கடைசியில் ஊதுகருவியான முகவீணை என்று ஏற்றுகிறோம். ஒவ்வோர் அடுக்கும் தன் பங்குக்கு ஒரு டிக்கைக் கொண்டுவரும். பம்பையில் குச்சி படும் அந்தக் கணத்திலேயே விழுந்தால் அடியோடு அடியாக மறைந்துவிடும். முகவீணையின் நீண்ட சுரத்தில் விழுந்தால் இழுத்த நூல் அறுந்தது போலக் கேட்கும். அதை எடுக்க ஒரே வழி, அன்டூ பெடலை மிதித்து அந்த அடுக்கையே அழித்துவிட்டு மறுபடி வாசிப்பது. கோவில் திடலில் கூட்டத்தை உட்காரவைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியுமா?

காரணத்தையும் நாங்களே தேடிப் பார்த்தோம், உங்கள் சர்வீஸ் சென்டர் செய்திருக்க வேண்டிய வேலைதான். வைஃபை, ப்ளூடூத் இரண்டையும் டிவைஸ் மேனேஜரில் நிறுத்தினோம். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்து, ப்ராசஸரின் குறைந்தபட்ச நிலையை 100 சதவீதம் ஆக்கினோம். யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்தோம். இன்டர்ஃபேஸை ஹப் இல்லாமல் நேராகச் செருகி, தாமதத்தைக் குறைக்க அதற்கென்று வந்த ஆசியோ டிரைவரைப் போட்டோம். அதன் பிறகு, எந்த டிரைவர் எவ்வளவு நேரம் ப்ராசஸரைப் பிடித்துவைக்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிட்டால், ஏறத்தாழ 15 விநாடிக்கு ஒரு முறை பவர், பேட்டரி விவகாரங்களைக் கவனிக்கும் ‘ஏசிபிஐ’ டிரைவர் 4,000 முதல் 6,000 மைக்ரோசெகண்ட் வரை ப்ராசஸரைப் பிடித்துக்கொள்கிறது. எங்களிடம் இருக்கும் அவகாசமோ 2,667 மைக்ரோசெகண்ட். டிக் விழாமல் என்ன செய்யும்?

டிவைஸ் மேனேஜரில் ‘பேட்டரி’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும் ஏசிபிஐ பேட்டரியை டிஸேபிள் செய்ததும் அந்தத் தடங்கல் அடியோடு நின்றுவிட்டது. ப்ராசஸரைப் பிடித்துக்கொள்ளும் நேரம் 300 மைக்ரோசெகண்டைத் தாண்டவில்லை. திரும்ப எனேபிள் செய்தால் திரும்ப வருகிறது. பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று விண்டோஸ் கேட்கும் ஒவ்வொரு முறையும், உங்கள் பயாஸ் (லேப்டாப்புக்குள்ளேயே பதிந்து வரும் அடிப்படை மென்பொருள்) பதில் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது. இரண்டு வேறு இன்டர்ஃபேஸ், ஏபிள்டன் லைவ், ரீப்பர் என்று இரண்டு வேறு சாஃப்ட்வேர், எல்லாவற்றிலும் இதே கதை. அதே கேபிள், அதே இன்டர்ஃபேஸை வேறொரு பழைய லேப்டாப்பில் மாட்டினால் ஒரு மணி நேரமும் சுத்தமாக ஓடுகிறது. ஆகவே கோளாறு உங்கள் பயாஸில்தான். இரண்டு பயாஸ் அப்டேட் போட்டும் மாறவில்லை.

‘அப்படியானால் பேட்டரியை டிஸேபிள் செய்தே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று உங்கள் உதவி எண்ணில் சொன்னார்கள். அப்படி வைத்தால் சார்ஜ் எத்தனை சதவீதம் என்று திரையில் வராது, குறைந்தால் எச்சரிக்கையும் வராது. சார்ஜ் தீர்ந்த நொடியில் லேப்டாப் பொட்டென்று அணையும், பதிந்து வைத்த லூப் அத்தனையும் போய்விடும். ஆடி மாதத் திருவிழாக்களில் மேடைக்கு மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்துதான் வரும். மைக்செட்காரர் டீசல் ஊற்ற நிறுத்தினால் எங்களைக் காப்பாற்றுவது அந்தப் பேட்டரி ஒன்றுதான்.

பஃபரை 1024 சாம்பிள் ஆக்கும்படி உங்கள் ஆட்கள் சொன்னதும் தீர்வாகாது. உள்ளே வர 21.3, வெளியே போக 21.3 என்று குறைந்தது 42 மில்லிசெகண்ட் தாமதம் ஆகும். 14 மீட்டருக்கு அப்பால் வைத்த ஸ்பீக்கரில் தன் அடியைக் கேட்டுக்கொண்டு பம்பை வாசிப்பதற்குச் சமம். மைக் ஒலியை லேப்டாப்புக்குள் விடாமல் நேராகக் கேட்கவைக்கும், இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரைப் போட்டால் தாமதம் தெரியாதுதான். ஆனால் சாஃப்ட்வேரில் சேர்க்கும் எக்கோ, ஃபில்டர் எதுவும் அதில் கேட்காது.

சார்ஜர் விஷயம் இதைவிட மோசம். சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் ஒரு கீச்சு இரைச்சல், மவுஸை நகர்த்தினால் அதுவும் சேர்ந்து ஏறி இறங்குகிறது. லேப்டாப்பின் எர்த்தும் மிக்ஸரின் எர்த்தும் ஆடியோ கேபிள் வழியாக ஒரு வளையமாகச் சேர்வதால் வருவது இது. நடுவில் கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் வைத்தால் அடங்குகிறது. நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஆனால் சேலத்தில் உங்கள் ஊழியர் ‘மூணு பின்ல எர்த்தை எடுத்துட்டா சரியாப்போயிடும்’ என்றார். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று இரும்பு மைக்கைப் பிடிப்பவர்களுக்குச் சொல்லும் யோசனையா இது? சார்ஜரில் கசிவு வந்தால் அந்த எர்த்தை விட்டால் மின்சாரம் போகும் வழி ஆளின் உடம்புதான். இதை வேறு யாருக்கும் சொல்லாமலிருக்கும்படி உங்கள் எல்லா சர்வீஸ் சென்டர்களுக்கும் எழுத்தில் அறிவுறுத்துங்கள். மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

சூட்டைப் பற்றி நீட்டவில்லை. திறந்த மேடையில், வெயில் காலத்தில், 40 நிமிடத்துக்கு மேல் போனால் ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அடியில் இரண்டு அங்குலம் தூக்கி வைத்து ஃபேன் காட்டிச் சமாளிக்கிறோம். அதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை.

நாங்கள் கேட்பது: பயாஸ் கோளாறைச் சரிசெய்யும் அப்டேட்டை 15 நாளில் தாருங்கள். இல்லையென்றால், பேட்டரி எனேபிளில் இருக்க, 128 சாம்பிள் பஃபரில் ஒரு மணி நேரம் டிக் விழாமல் ஓடுவதை எங்கள் எதிரிலேயே சோதித்துக் காட்டி வேறு மாடல் தாருங்கள். அதுவும் முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். ஆடி பிறந்துவிட்டால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, அதற்கு முன் முடிய வேண்டும்.

இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. தொழிலுக்கு வாங்கியவர்கள் நுகர்வோர் அல்ல என்று பதில் எழுத நினைத்தால், 2(7) பிரிவின் விளக்கத்தை ஒரு முறை படித்துவிடுங்கள்: சுயதொழிலால் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது. 34-ஆம் பிரிவின்படி நாங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும். 15 நாளில் பதில் இல்லையென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

பில், இரண்டு ஜாப் கார்டுகள், பேட்டரி எனேபிள், டிஸேபிள் இரண்டு நிலையிலும் எடுத்த லேட்டன்சிமான் அறிக்கைகள், டிக் விழுந்த 5 விநாடி லூப்பின் ஒலிப்பதிவு ஆகியவற்றை இத்துடன் அனுப்பியிருக்கிறோம். ஒலிப்பதிவை லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், ஹெட்போனில் கேளுங்கள். மூன்றாவது எண்ணிக்கைக்குச் சற்று முன்னால் வருகிறது.

இப்படிக்கு,
இசைக்குழுவினர் ஐவர்,
பாலக்கோடு.