விண்ணில் பறக்கும் நாயகி நமக்கும் வேண்டும்

சிங்கப்பூரில் தமிழ்ச் சிறுவர் நூல்களை எழுதுகிறவர்களுக்கும், அவற்றுக்குப் படம் வரைகிறவர்களுக்கும், பதிப்பிக்கிறவர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விண்வெளியில் பயணம் போகும் ஒரு நாயகியை நம் பிள்ளைகளுக்காகத் தமிழில் படைத்துக் கொடுங்கள். அப்படிப் படைக்கும்போது ஓவியரைக் கடைசியில் கூப்பிடாதீர்கள். கதை பேசத் தொடங்கும் முதல் நாளே அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

என் மகளும் அவளுடைய தோழிகளும் கேப்டன் மார்வெல் காமிக்ஸை நூலகத்திலிருந்து மாற்றி மாற்றி எடுத்து வாசிக்கிறார்கள், ஆங்கிலத்தில்தான். அவர்கள் வைத்துவிட்டுப் போனதை நானும் எடுத்து வாசித்தேன். 2014இல் தொடங்கி 15 இதழ்கள் வந்த தொடர் அது. கெல்லி சூ டிகானிக் எழுத, டேவிட் லோபெஸ் வரைந்தார். விமானப்படை விமானியாக இருந்த கரோல் டான்வர்ஸ்தான் கேப்டன் மார்வெல். அவள் பூமியை விட்டு நட்சத்திரங்களுக்கு நடுவே போகிறாள். தோர்ஃபா என்ற கோளில் அகதிகள் குடியேற்றப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நோய் வருகிறது, அந்தக் கோளை ஆளும் பேரரசோ எல்லோரையும் வெளியேறச் சொல்கிறது. மறுபடியும் எங்கே போவது என்று அவர்கள் மறுக்கிறார்கள். அங்கே நடக்கும் சுரங்க வேலைதான் அந்த நோயைத் தந்த நஞ்சுக்குக் காரணம் என்பது பிறகு தெரிய வருகிறது. கரோலால் மலையையே தூக்க முடியும். ஆனால் வீட்டை விட்டுப் போவதா இருப்பதா என்பதை அந்த மக்களுக்காக அவள் முடிவு செய்துவிட முடியாது. அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, அவர்கள் பக்கம் நிற்கத்தான் முடியும். ஒரு சூப்பர்ஹீரோ கதையில் இவ்வளவு கனமான விஷயத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லியிருக்கிறார்களே என்று எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

அந்தக் கனத்தில் பாதியைத் தாங்குவது லோபெஸின் கை. அவர் கோடுகள் எளிமையானவை, ஆனால் முகங்கள் நடிக்கின்றன. சந்தேகம், அலுப்பு, பிடிவாதம் எதற்கும் விளக்கம் எழுதத் தேவையே இல்லை. வண்ணம் தீட்டிய லீ லௌரிட்ஜும் எல்லா நிறத்தையும் ஒரே பக்கத்தில் கொட்டுவதில்லை. ஒரு காட்சிக்கு ஓரிரு நிறங்களை முன்னே நிறுத்திவிட்டு மற்றவற்றை அடக்கிவிடுகிறார். இடம் மாறியதைப் பிள்ளைகள் ஒரு வார்த்தை படிக்காமலே கண்டுகொள்கிறார்கள்.

உடையை மட்டும் எடுத்துப் பாருங்கள். கரோல் 1968இல் ஒரு துணைப் பாத்திரமாக வந்தவள். 1977இல் அவளுக்கென்று தனித் தொடர் வந்தது. அதன்பின் நீண்ட காலம் நீச்சலுடை போன்ற கறுப்பு உடையில்தான் அவளை வரைந்தார்கள். 2012இல் டிகானிக் எழுத வந்தபோது, ஜேமி மெக்கெல்வி விமானியின் சீருடையை ஒத்த நீல, சிவப்பு, பொன்னிற உடையை அவளுக்கு அமைத்தார். அவள் யார், என்ன வேலை செய்கிறவள் என்பதைக் கதை ஒரு வரி பேசுவதற்கு முன்பே அந்த உடை சொல்லிவிட்டது. அந்த 2012 தொடரின் முதல் இதழ்களை வரைந்த டெக்ஸ்டர் சோய் பிலிப்பீன்ஸ்காரர், நம் வட்டாரத்து ஓவியர். இந்த வேலைக்கான கைகள் ரொம்பத் தூரத்தில் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சரி, நம்முடைய நூல்களுக்கு வருவோம். "மாலா சோகமாக ஜன்னல் ஓரம் நின்றாள்" என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே மாலா சோகமாக ஜன்னல் ஓரம் நிற்கும் படம் இருக்கும். ஒரே செய்தியை இரண்டு முறை கொடுத்தால் பிள்ளை எழுத்தைத் தாண்டிப் போய்விடும். என் மகள் தாண்டிப் போகிறாள். தமிழ் கடினம் என்பதால் தாண்டுகிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான் அதை ஏற்கவில்லை. படித்தால் புதிதாக ஒன்று கிடைக்கும் என்றிருந்தால் அவள் எழுத்துக் கூட்டியாவது படிப்பாள்.

ஓவியரை முதலிலேயே அழைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் நம் எழுத்து. ஆங்கிலக் காமிக்ஸில் பேச்சு பலூனுக்குள் பெரும்பாலும் எல்லாமே பெரிய எழுத்துகள், ஒரே உயரம். வரிகளை நெருக்கி அடுக்கிவிடலாம். தமிழில் 'கீ'யின் சுழி மேலே போகிறது, 'மூ'வின் வால் கீழே இறங்குகிறது. வரிக்கும் வரிக்கும் இடைவெளி கூடுதலாக வேண்டும், சொற்களும் நீளம். படத்தை முடித்துவிட்டு மிச்சமிருக்கும் மூலையில் தமிழைத் திணித்தால், எழுத்து எறும்பு வரிசையாகிவிடுகிறது, இல்லாவிட்டால் பலூன் முகத்தை மறைக்கிறது. பென்சிலில் முதல் கட்டம் போடும்போதே தமிழுக்கு இடம் விட வேண்டும். அதற்கு ஓவியருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும், அல்லது எழுதியவர் அருகில் இருக்க வேண்டும். அப்புறம், பலூனுக்குள் பேச்சுத்தமிழே இருக்கட்டும். நம் பள்ளி வகுப்பறைகளிலேயே அதற்கு இடம் கொடுத்தாகிவிட்டது. விண்கலம் தீப்பிடிக்கும்போது யாரும் "விரைந்து வாருங்கள்" என்று கத்துவதில்லை.

தமிழ் வாசகர்களுக்குக் காமிக்ஸ் புதிதில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984இல் லயன் காமிக்ஸ் மாடஸ்டி என்ற பெண்ணை நாயகியாக வைத்துத்தான் தொடங்கியது. இங்கேயும் திறமைக்குக் குறைவில்லை. சன்னி லியூவின் படக்கதை நூல் 2017இல் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் விருதுகளில் மூன்றைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தது.

கதைக்கு எங்கேயும் அலைய வேண்டாம். சிங்கப்பூர் உள்நாட்டிலேயே உருவாக்கிய முதல் செயற்கைக்கோளான எக்ஸ்-சாட், 2011 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் மேலே போனது. பழவேற்காடு ஏரிக்குப் பக்கத்து ஏவுதளம் அது. அந்தக் கரையிலிருந்து கிளம்பி வந்த ஒரு குடும்பத்தின் பேத்தி, உட்லண்ட்ஸில் வளர்ந்தவள், விண்கலம் ஓட்டினால் எப்படி இருக்கும்? செம்பவாங் கடற்படைத் தளத்தில் குடியிருந்த தமிழ், மலையாளக் குடும்பங்கள் 1971இல் பிரிட்டிஷார் கிளம்பியபோது என்ன ஆனார்கள் என்று அவள் பாட்டி சொல்லியிருந்தால், தோர்ஃபா மக்களைப் போன்றவர்களைச் சந்திக்கும்போது அவளுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்காது. இது என் ஆசை. உங்களுக்கு இதைவிட நல்ல கதை தோன்றும்.

பதிப்பாளர்களுக்குத் தனியாக ஒன்று. அட்டையில் எழுத்தாளர் பெயருக்குச் சமமாக ஓவியர் பெயரையும் போடுங்கள். வண்ணம் தீட்டியவர், எழுத்து பதித்தவர் பெயர்கள் உள்ளே இருக்கட்டும். கூலியும் அந்தக் கணக்கிலேயே இருக்க வேண்டும். 80 பக்கம் இப்போது முடியாது என்றால் 16 பக்கம் போதும். ஏப்ரலில் வரும் தமிழ் மொழி விழாவில் அந்தப் பக்கங்களைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். எந்தக் கட்டத்தில் நின்று பார்க்கிறார்கள், எதைத் தாண்டுகிறார்கள் என்று எழுத்தாளரும் ஓவியரும் சேர்ந்து உட்கார்ந்து கவனியுங்கள். வாசித்துச் சொல்ல என் மகளையும் அவள் தோழிகளையும் நான் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தாய்