உத்யம் பதிவுக்கு எதற்குப் பணம்?

ஐயா,

வீட்டிலேயே அப்பளம், இட்லிப் பொடி செய்து விற்கத் தொடங்கும் பெண்களிடம், சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவான 'உத்யம் சான்று எடுத்துத் தருகிறோம்' என்று சில கணினி மையங்கள் ஆயிரக்கணக்கில் கறக்கின்றன. எங்கள் தெரு அப்பளக்கார அக்காவும் கொடுத்து ஏமாந்திருக்கிறார். 2020 ஜூலையில் வந்த இந்தப் பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் கைபேசியிலேயே முடித்துவிடலாம்.

உணவுப் பொருளுக்கு முக்கியம் உணவுப் பாதுகாப்புப் பதிவுதான். அந்தப் பதிவின் 14 இலக்க எண் பாக்கெட்டில் இல்லையென்றால் கடைக்காரர்கள் வாங்கத் தயங்குகிறார்கள். அக்காவிடம் அதை யாருமே சொல்லவில்லை! மாவட்டத் தொழில் மையத்தினர் மாதம் ஒரு நாள் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து, இரண்டையும் விளக்கிப் பதிந்து கொடுத்தால் என்ன?

– வாசகி, திண்டுக்கல்