எண்ணெய் விலை பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "பாமாயிலுக்கு வரி போட்டால் உங்கள் செக்கு எண்ணெய் ஏன் ஏறுது?" என்று பலர் கேட்கிறீர்கள். கடையில் நின்று பேச நேரம் வாய்ப்பதில்லை, அதனால் எழுதுகிறோம்.

நம் நாட்டில் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு 20 சதவீத அடிப்படை இறக்குமதி வரி போட்டது. நம் எண்ணெய்வித்து விவசாயிக்கு விலை கிடைக்கட்டும் என்றுதான். விலைவாசி கடித்ததும் 2025 மே கடைசியில் அதை 10 ஆக்கியது. ஒரு எண்ணெய் ஏறினால் ஜனங்கள் அடுத்ததற்கு மாறுவார்கள், அதுவும் ஏறும். தேங்காய் எண்ணெய்க்கு இதைவிடப் பெரிய காரணம், காய் வரத்துக் குறைந்தது.

இந்த ஏற்றம் யாருக்கு நல்லது? ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் பத்து ஏக்கர் தென்னந்தோப்புள்ளவருக்கு நல்ல காசு. அரை ஏக்கர்காரருக்கு அரை ஏக்கர் அளவுக்குத்தான். அந்த மரத்தில் ஏறிக் காய் வெட்டுகிறவருக்குக் கூலி அவ்வளவு சீக்கிரம் ஏறாது, எண்ணெயோ வாங்கித்தான் ஆக வேண்டும். கருவாடு காயப்போடும் அக்கா ஒருவர் சாயங்காலம் சின்ன பாட்டிலோடு வந்து இருபது ரூபாய்க்கு எண்ணெய் வாங்குவார். விலை ஏறிய வாரம், பாட்டிலைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். வழக்கமான அளவுக்கு ஒரு விரல் கீழே நின்றது எண்ணெய். ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திருகிக்கொண்டு போனார். எங்களுக்கு அன்று மனசே சரியில்லை.

சரி, வரியே வேண்டாமா? அப்படியும் சொல்ல மாட்டோம். தொண்ணூறுகளில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு மலிவு எண்ணெய் வந்தது. கூலிக்காரர் வீட்டிலும் தாராளமாகத் தாளித்தார்கள். எங்கள் தாத்தாவின் மரச்செக்கு அந்த வருடங்களில்தான் நின்றது, மாட்டையும் விற்றோம். வரியைக் கூட்டினாலும் குறைத்தாலும், நிலமில்லாதவருக்கு ரேஷனில் 25 ரூபாய்க்குத் தரும் ஒரு லிட்டர் பாமாயில் மாதிரி ஒரு பிடிமானம் இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம்.

எங்களால் முடிந்தது இவ்வளவு. சில்லறையாக வாங்குபவர்களிடம் இதுவரை கொஞ்சம் கூட்டித்தான் வாங்கினோம், அது தப்பு. இந்த மாதம் முதல் ஐம்பது மில்லி வாங்கினாலும் லிட்டர் கணக்கு விலைதான். அப்புறம், கொப்பரை கொண்டுவரும் சிறு தோப்புக்காரர்களுக்காக, காங்கேயம் சந்தையின் கொப்பரை விலையைத் தினமும் கடைப் பலகையில் எழுதிவைப்போம். எடை போட்டவுடன் காசு. பாட்டிலை மட்டும் நன்றாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் காறிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் செக்கு எண்ணெய்க் கடை