மணவறைக்கு 85 வேண்டாம், 35 போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடி மாதம் எங்கள் தொழிலில் வேலை இல்லாத மாதம். வேலை இல்லாத மாதத்தில்தான் லென்ஸ் வாங்கும் ஆசை பிறக்கும். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் கமராவைத் தயார்ப்படுத்த நினைக்கும் தம்பிமார் உவர்மலையில் உள்ள என் வீட்டுக்கு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, 85 மில்லிமீற்றர் எஃப் 1.4 வாங்கலாமா, அல்லது இன்னும் கொஞ்சம் கடன் எடுத்து 1.2 ஆகவே வாங்கிவிடலாமா?" மில்லிமீற்றர் எண் கூடினால் காட்சி நெருங்கி வரும், படத்துக்குள் அடங்குவது குறையும்; எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துவாரம் பெரிதாகி ஒளி கூடும். இரண்டும் வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது. ஆளாளுக்குச் சொல்வதைவிடத் தங்கள் பத்திரிகையில் எழுதிவிட்டால், கடனுக்குக் கையெழுத்துப் போடும் தகப்பன்மாரும் வாசிப்பார்கள்.

இருட்டில் படமெடுக்கப் பெரிய துவாரம் கொண்ட லென்ஸ் தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. விடியற்காலை முகூர்த்தம் என்றால் கோயில் மண்டபத்தில் இருக்கும் வெளிச்சம் குத்துவிளக்கும், ஓமத் தீயும், தூணில் ஒரு ரியூப் லைற்றும்தான். பிளாஷ் அடித்தால் ஐயர் மந்திரத்தின் நடுவே நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பிறகு யாருக்கும் பிளாஷைத் தொட மனம் வராது. ஐயர் பார்க்காவிட்டாலும் அடிக்கக்கூடாது என்பதே என் கட்சி. ஓமத் தீயின் மஞ்சள் ஒளி மணப்பெண்ணின் கன்னத்தில் விழும் அழகை அது ஒரு நொடியில் வெள்ளையடித்துவிடும்.

கமராவோடு பெட்டியில் வரும் சிறிய ஸூம் லென்ஸை முழுதும் இழுத்தால் எஃப் 5.6 தான் கிடைக்கும். எஃப் 1.8 பிரைம் லென்ஸ், அதாவது ஸூம் இல்லாத லென்ஸ், அதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கமராவின் ஒளியுணரும் அளவான ஐ.எஸ்.ஓ. 12,800 இல் மணல் மணலாக வரும் படத்தை 1,600 க்குள் துப்புரவாக எடுத்துவிடலாம். இது உண்மையான இலாபம். ஆனால் 1.8 இலிருந்து 1.4 க்குப் போனால் கூடுவது மூன்றில் இரண்டு பங்கு ஒளிதான். 1.4 இலிருந்து 1.2 க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். விலை மட்டும் அப்படிக் கொஞ்சங் கொஞ்சமாக ஏறுவதில்லை.

இனித் தாலி கட்டும் நேரத்தைப் பாருங்கள். கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை குனிந்து, தாலிக்கொடியின் சுரையைப் பூட்ட முடியாமல் விரல்கள் தடுமாறுகின்றன. தோழி பின்னால் கூந்தலை ஒதுக்கிப் பிடிக்கிறாள். இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று படம் பதியும் சென்சர் பழைய பிலிம் அளவுக்கு இருக்கும் முழு அளவு கமராவில் 85 ஐ எஃப் 1.4 இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் நாலரைச் சென்ரிமீற்றர் அளவுதான். சுரை தெளிவாக இருக்கும், மணப்பெண்ணின் கண் கலங்கலாக இருக்கும். கண்ணைப் பிடித்தால் மாப்பிள்ளையின் விரல்கள் போய்விடும். அதே இடத்தில் நின்று 35 ஐ எஃப் 2 இல் வைத்தால் நாற்பது சென்ரிமீற்றர்வரை கிடைக்கும். சுரை, விரல், கண், பின்னால் நிற்கும் தாயின் கைகூட ஓரளவு வந்துவிடும். அந்தத் தாய்க்கு அல்பத்தில் வேண்டியது அதுதான். பின்னணி வெண்ணெயாக உருகியிருக்கிறதா என்று அவர் பார்க்கப்போவதில்லை.

பின்வாங்கி நின்று எடுக்கலாமே என்பார்கள். எங்கே பின்வாங்குவது? ஒரு பக்கம் வீடியோக்காரர், மறுபக்கம் பெரியம்மாமார், முன்னால் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்த மச்சான்மார். ஓரடி பின்னால் போனால் அந்த இடம் அடுத்த கணமே நிரம்பிவிடும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் சிறிய சென்சர் கமரா. அதில் 85 என்பது நிக்கோனில் 127 போலவும் கெனனில் 136 போலவும் நடந்துகொள்ளும். மணவறை முன்னால் நின்று மூக்குத்தியை மட்டும் எடுக்கலாம். அதே கமராவில் 35 ஐப் போட்டால் 50 இன் பார்வை கிடைக்கும், சமாளித்துக்கொள்ளலாம். கிண்ணியா, மூதூர் வீடுகளில் நிக்காஹ் எழுதும்போதும் இதே கதைதான்: சுற்றிவர ஆண்கள் நெருங்கி உட்கார்ந்திருக்க, பதிவேட்டின் மேல் குனிந்த முகத்தை நீட்டு லென்ஸால் எடுக்கவே முடியாது.

85 க்கும் இடமுண்டு. தேவாலயத் திருமணத்தில் பீடத்துக்கு அருகே போக விடமாட்டார்கள். உப்புவெளியில் கடற்கரைப் புல்வெளியில் இரவு வரவேற்பு என்றால் தூரமும் தாராளம். அதற்கும் எஃப் 1.8 போதும். முதலில் 35, கையில் காசு சேர்ந்த பிறகு 85.

இன்னொன்று. பெரிய துவாரம் தரும் ஒளியைக் கொண்டு ஷட்டரை விரைவாக்கி, ஒளி விழும் நேரத்தைக் குறைக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களை மண்டபத்து எல்.ஈ.டி. விளக்குகள் விடாது. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது. சத்தமில்லாத எலக்ரோனிக் ஷட்டரில் 1/500 செக்கனில் எடுத்தால் முகத்தின் குறுக்கே கோடு கோடாக விழும். 1/100 இல் வைத்தால் பெரும்பாலும் தப்பலாம்.

2022 இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறிய பிறகு பலரும் பழைய லென்ஸைத்தான் தேடுகிறார்கள். தவறில்லை. ஆனால் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து கைத்தொலைபேசி வெளிச்சத்தை அடித்துக் கண்ணாடிக்குள்ளே பாருங்கள். நூல் நூலாக வெள்ளையாய் ஏதும் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம், விட்டுவிடுங்கள். ஐப்பசி தொடங்கித் தைவரை நனையும் எங்கள் ஊரில் அது அடங்காது. நல்ல லென்ஸையும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பெட்டியில்தான் வைக்கவேண்டும். சொந்த மோட்டார் இல்லாத, நிக்கோனின் பழைய 'டி' வகை 50 லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடுகிறவர்கள் தங்கள் கமராவையும் பார்த்துக்கொள்ளட்டும். டி3000, டி5000 வரிசைக் கமராக்களின் உடலிலும் தெளிவைப் பிடிக்கும் போகஸ் மோட்டார் இல்லாததால் அந்த லென்ஸைக் கையால்தான் திருப்பவேண்டும். கெட்டிமேளத்தில் அது நடக்கிற காரியமா?

கோயில் பரிபாலன சபையினரிடமும் மண்டப உரிமையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். மணவறைக்கு முன்னால், சற்று உயரத்தில், மினுங்காத மஞ்சள் விளக்கு ஒன்று போடுங்கள். தாலி கட்டி முடியும்வரை ஊதா, பச்சை அலங்கார விளக்குகளை அணைத்துவையுங்கள். ஊதாவாகிப்போன முகத்தை எந்த விலை லென்ஸாலும் மீட்க முடியாது. படப்பிடிப்பாளரைப் பேச வரும் குடும்பத்தினர் அவரிடம் என்ன லென்ஸ் இருக்கிறது என்று கேட்கவேண்டாம். விடியற்காலையில் கோயிலில் எடுத்த ஒரு திருமணத்தின் முழு அல்பத்தையும் காட்டச் சொல்லுங்கள். நிலாவெளியில் மாலை வெயிலில் எடுத்த பத்துப் படத்தைக் காட்டினால், அதை மூடிவைத்துவிட்டு மறுபடியும் கேளுங்கள்.

இப்படிக்கு,
திருமணப் படப்பிடிப்பாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.