தமிழ்ப் பெயர்களோடு முள்ளந்தண்டென்பு மாதிரிகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தர மாணவருக்கு நான் உயிரியல் கற்பித்த காலத்தில் எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்தது ஒரேயொரு என்புப் பெட்டி. அதிலிருந்த அத்திலசு எனும் முதலாவது கழுத்தென்பின் ஒரு பக்கக் குறுக்குமுளை (பக்கவாட்டில் நீண்டிருக்கும் பகுதி) உடைந்துபோயிருந்ததால், நாடி செல்லும் துவாரம் இரு பக்கமும் உண்டென்பதை ஆண்டுதோறும் வாயால் சொல்லியே நம்பவைத்தேன். கம்பியிற் கோத்த பிளாஸ்ரிக் எலும்புக்கூடு இதற்கு உதவாது. நெஞ்சு முள்ளந்தண்டென்பில் விலாவென்பு பொருந்தும் முகப்பைக் காண, அந்த என்பைத் தனியே எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

கணினியில் ஆக்கப்படும் முப்பரிமாண மாதிரிகள் இக்குறையைப் பெரிதும் போக்கும். சி.ரி. ஸ்கானின் மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களை அடுக்கி, என்பின் செறிவுள்ள பகுதிகளை மட்டும் பிரித்தெடுக்க 3டி ஸ்லைசர் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. ஆனால் அடுத்தடுத்த என்புகளின் மூட்டு முகப்புகள் மிக நெருங்கியிருப்பதால் இரண்டும் ஒட்டியபடியே வருவதுண்டு. அவற்றைப் படம் படமாகப் பிரிப்பவருக்கு உடலமைப்பியல் தெரிந்திருக்க வேண்டும். நோயாளியின் சம்மதம் பெறுவதும் பெயர் விபரங்களை நீக்குவதும் சொல்லாமலே விளங்கும்.

உலர்ந்த என்பு கைவசமிருந்தால், கைத்தொலைபேசியால் சுற்றிவரப் பல படங்கள் எடுத்து, பின் என்பைக் கவிழ்த்து அடிப்புறத்தையும் எடுத்து, அவற்றை மென்பொருளால் இணைத்தும் மாதிரி ஆக்கலாம். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைக்க மறந்தால், கழுத்தென்பும் நாரியென்பும் திரையில் ஒரே பருமனாகத் தோன்றி மாணவரைக் குழப்பும்.

ஆங்கிலப் பெயரிட்ட மாதிரிகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. எங்கள் பிள்ளைகளோ பரீட்சையில் அத்திலசு, குறுக்குமுளை, திருவென்பு என்றே எழுதுகிறார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவரான கிறீன் வைத்தியர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடலமைப்பியலையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். அத்தகைய ஊரில் இதைக் கேட்பது பேராசையாகாது.

கழுத்தில் 7, நெஞ்சில் 12, நாரியில் 5, இவற்றோடு நாரிக்குக் கீழுள்ள திருவென்பும் அதன் நுனியிலுள்ள குயிலலகும் சேர, வளர்ந்தவரின் முள்ளந்தண்டில் 26 என்புகள் உள்ளன. அனைத்தையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. யாழ். பல்கலைக்கழக மருத்துவபீடத்தினர் அத்திலசு, அச்சு எனும் இரண்டாவது கழுத்தென்பு, மாதிரிக்கு ஒரு கழுத்தென்பு, ஒரு நெஞ்சென்பு, ஒரு நாரியென்பு ஆகிய ஐந்தையும் தமிழில் பெயர் குறித்து, கைத்தொலைபேசியிலும் திறக்கக்கூடிய சிறு கோப்புகளாக வலயக் கல்வி அலுவலகங்களூடாகப் பாடசாலைகளுக்குத் தந்துதவ வேண்டுமென வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கோண்டாவில்.