டிரைவரிடம் யாரும் சொல்லவில்லை

அன்பு மகளுக்கு,

நீ சரயேவோவிலிருந்து அனுப்பிய படம் வந்தது. அந்தச் சின்னப் பாலம், எதிரே மூலைக் கட்டடம், அதன் முன்னால் நீயும் உன் சிநேகிதிகளும். படத்துக்குக் கீழே, "ஒரு டிரைவர் தப்பாத் திரும்பினதுக்கு உலகப் போராப்பா?" என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டைவிரலால் தட்டிப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் இந்தக் கடிதம். வியன்னாவுக்கு என்றைக்கு வந்து சேர்கிறதோ, அன்றைக்குப் படி.

அந்த டிரைவரின் பெயர் லியோபோல்ட் லோய்க்கா. 1914 ஜூன் 28 காலையிலேயே ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பெர்டினாண்டின் கார் மீது ஒருவன் குண்டு எறிந்தான். அது இந்தக் காருக்குத் தப்பி, பின்னால் வந்த காருக்கடியில் வெடித்து, அதிலிருந்த அதிகாரிக்குக் காயம். நகர மண்டபத்தில் வரவேற்பு முடிந்ததும், அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார் இளவரசர். சரி, ஊருக்குள் திரும்பாமல் ஆற்றங்கரைச் சாலையிலேயே நேராகப் போய்விடலாம் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். அந்த முடிவை வண்டி ஓட்டுகிறவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. முன்னால் போன கார் பழைய வழியில் திரும்பியது, இவரும் திருப்பினார். அதே காரில் உட்கார்ந்திருந்த ஆளுநர் போட்டியோரெக், "இந்த வழி இல்லை" என்று கத்தினார். லோய்க்கா பிரேக் போட்டார். வண்டி நின்ற இடத்தில் பத்தொன்பது வயது கவ்ரிலோ பிரின்சிப் துப்பாக்கியோடு நின்றிருந்தான். இளவரசரையும் அவர் மனைவியையும் சுட்டுக் கொன்றான்.

வழிகாட்டிகள் இதை "டிரைவரின் தவறு" என்று சொல்லும்போது எனக்கு ஏன் பொறுக்கவில்லை என்று உன்னிடம் சொன்னதில்லை. 1987இல் எங்கள் தந்தி ஆபீஸில் எனக்கு நைட் டியூட்டி. ஒரு சாவுத் தந்தி வந்தது. விநியோகப் பகுதிகளை அன்று மாலைதான் மாற்றியிருந்தார்கள், தந்தி கொண்டுபோகிறவரிடம் சொல்லவில்லை. தந்தி ஒன்றரை நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. மகன் ஊருக்கு ஓடிப் போவதற்குள் அப்பாவை எரித்தாகிவிட்டது. விசாரணை நடந்தது. தந்தி கொண்டுபோனவருக்கு இன்கிரிமென்ட் வெட்டு. அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. நீ அப்போது கைக்குழந்தை. வேலை போய்விடுமோ என்று பயம்.

அதனால்தான் லோய்க்கா பக்கம் நான் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன். ஆனால் கணக்கைப் பார். துப்பாக்கி வெடித்ததற்கும், ஆகஸ்ட் 4 இரவு பிரிட்டன் போருக்குள் இறங்கியதற்கும் இடையே 37 நாள். ஒரு திருப்பத்தால் வந்த வினை என்றால் அத்தனை நாள் எதற்கு?

பக்கத்து நாடான செர்பியாவை ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்று வியன்னா, அதாவது ஆஸ்திரிய அரசு, முன்பே நினைத்திருந்தது. கொலைப் பழியையும் செர்பியா மேல் போட்டது. ஜூலை 5, 6இல் பெர்லினிலிருந்த ஜெர்மானிய அரசு, "என்ன செய்தாலும் உங்களோடு நிற்கிறோம்" என்று வாக்குக் கொடுத்தது. தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் மாதிரி. அப்புறம் பிரான்சின் அதிபர் ரஷ்யாவிலிருந்து கப்பலேறும்வரை காத்திருந்து, அந்த இரண்டு நாடுகளும் நேரில் கலந்து பேச முடியாத நேரம் பார்த்து, ஜூலை 23 மாலை செர்பியாவிடம் பத்து நிபந்தனைகளை நீட்டினார்கள். கெடு 48 மணி நேரம். செர்பியா பெரும்பாலானவற்றுக்கு இறங்கி வந்தது. அந்தப் பதிலை 28ஆம் தேதி காலை படித்த ஜெர்மானியச் சக்கரவர்த்தி வில்ஹெல்மே, இனிப் போருக்குக் காரணம் இல்லை என்று ஓரத்தில் எழுதினார். அன்றைக்கே வியன்னா போரை அறிவித்துவிட்டது. எப்படித் தெரியுமா? சாதாரணத் தந்தியில். நீஷ் என்ற ஊரில் மதியச் சாப்பாட்டில் இருந்த செர்பியப் பிரதமரின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அந்த வாரம் முழுக்கத் தந்திதான். வில்ஹெல்மும் ரஷ்ய ஜார் நிக்கோலாசும் உறவுக்காரர்கள். "வில்லி", "நிக்கி" என்று கையெழுத்துப் போட்டு ஆங்கிலத்தில் மாறி மாறித் தந்தி அடித்தார்கள். விஷயத்தை ஹேக் நீதிமன்றத்தில் விட்டுவிடலாம் என்றுகூட நிக்கி கேட்டார். செர்பியாவுக்குத் துணையாக முழுப் படையையும் திரட்டும் உத்தரவை 29ஆம் தேதி இரவு நிறுத்தினார், மறுநாளே திரும்பப் போட்டார். ஆகஸ்ட் 1இல் ரஷ்யா மீது போர் அறிவித்த ஜெர்மானியத் தூதர் கொடுத்த காகிதத்தில், ரஷ்யா பதில் சொன்னால் ஒரு வாசகம், சொல்லாவிட்டால் ஒரு வாசகம் என்று இரண்டுமே இருந்தன. எங்கள் ஆபீஸில் இப்படி ஒரு காகிதம் வெளியே போயிருந்தால் அன்றைக்கே சஸ்பெண்ட்! அதே நாள் மாலை வில்ஹெல்ம், படையை மேற்கே பிரான்ஸ் பக்கம் அனுப்பாமல் ரஷ்யா பக்கம் திருப்பச் சொன்னார். ஆண்டுக்கணக்கில் போட்ட ரயில் அட்டவணையைக் கடைசி நேரத்தில் மாற்ற முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. ரயில் நேரம் போரை உண்டாக்கியதாகச் சிலர் எழுதுவார்கள். எனக்கு ஒப்பவில்லை. அட்டவணை போட்டதும் மனுஷன்தானே.

எங்கள் தொழில்காரர்களின் பெருமையையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னைத் துறைமுகத்தில் 1914 செப்டம்பர் 22 இரவு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் உனக்குத் தெரியும். உன் ஆச்சி உன்னையே "எம்டன்" என்றுதான் திட்டுவாள். அந்தக் கப்பல் நவம்பர் 9இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள கொக்கோஸ் தீவின் தந்தி நிலையத்தை உடைக்கப் போனது. ஆட்கள் கரையேறுவதற்குள், "அந்நியக் கப்பல் வாசலில்" என்று அங்கிருந்த தந்திக்காரர்கள் செய்தி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து எம்டனை முடித்தது.

சரி, பின்விளைவுக்கு வருகிறேன். ஏறக்குறைய 90 லட்சம் படைவீரர்கள் செத்தார்கள். நாலு சாம்ராஜ்யங்கள் போயின. பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது, நீ படித்திருப்பாய். நான் பார்ப்பது வேறு. போர் முடிந்ததும் அவரவர் ஒரு டிரைவரைத் தேடினார்கள்.

1918 செப்டம்பர் கடைசியில், சண்டையை நிறுத்திவிடுங்கள் என்று அரசை நெருக்கியவர் ஜெர்மானியத் தளபதி லூடன்டார்ஃப். ஆனால் நவம்பர் 11 விடிகாலை பிரான்சின் கொம்பியேன் காட்டில் ரயில்பெட்டிக்குள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. தோற்ற தளபதிகள் அந்தப் பெட்டிப் பக்கமே வரவில்லை. மறுவருடம் லூடன்டார்ஃபுக்கு மேலதிகாரியாக இருந்த ஹிண்டன்பர்க் விசாரணைக் குழுவின் முன்னால் நின்று, உள்நாட்டிலிருந்தவர்களே படையை முதுகில் குத்திவிட்டார்கள் என்றார். 1921இல் எர்ஸ்பெர்கரைச் சுட்டுக் கொன்றார்கள். முதுகில் குத்திய கதையை ஹிட்லர் எடுத்துக்கொண்டு என்ன செய்தான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1940இல் பிரான்சைத் தோற்கடித்ததும், அதே ரயில்பெட்டியை அதே காட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி அதில் உட்கார்ந்தான்.

ஜெயித்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1919 ஜூன் 28, சரியாக அஞ்சு வருஷம் கழித்து, வெர்சாய் ஒப்பந்தம். அதன் 231ஆம் பிரிவு இழப்புக்கெல்லாம் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும்தான் பொறுப்பு என்றது. உங்கள் ஆஸ்திரியாவுக்கும் சான் ஜெர்மேன் ஒப்பந்தத்தில் 177ஆம் பிரிவு என்று அதே மாதிரி ஒன்று. வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் பெரிய பங்கு உண்டு என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் மற்றவர்கள் கை சுத்தம் என்று எழுதி வாங்கிக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. 1921இல் இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று கணக்குப் போட்டார்கள். அதைக் கட்ட ஜெர்மனி விற்ற கடன் பத்திரங்களின் கடைசித் தவணை 2010 அக்டோபர் 3இல்தான் தீர்ந்தது. நான் ரிட்டயரான மறுவருடம்.

பிரின்சிப்புக்கு இருபது வயது நிறையாததால் தூக்கு இல்லை. போர் முடிவதற்கு ஆறேழு மாதம் முன்னால், தெரேசியன்ஷ்டட் சிறையில் காசநோயில் செத்தான். இரண்டாம் உலகப் போரில் யூதர்களை அடைத்து வைத்தது அந்தக் கோட்டை ஊரில்தான்.

உனக்கு ஒரு வேலை. அந்தக் கார் உன் வியன்னாவில், ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இளவரசரின் ரத்தம் படிந்த சட்டையும் அங்கேதான். எல்லோரும் குண்டு பாய்ந்த இடத்தைப் படமெடுப்பார்களாம். நீ டிரைவர் சீட்டை எடுத்து அனுப்பு. இன்கிரிமென்ட் வெட்டு வாங்கினாரே, அவர் மேலப்பாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். படம் வந்ததும் பிரிண்ட் போட்டுக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். வெறுங்கையோடு போனால் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அம்மா பருப்புப்பொடி தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா